மீன் படக்கூடாது என்று நேர்த்தி வைத்தவன்

எனக்குப் பொய் சொல்ல வராது. இதை ஏதோ நல்ல குணம் என்று நினைத்துவிட வேண்டாம். நீந்த வராது, ரொட்டியை வட்டமாகத் தட்ட வராது என்பது போல இதுவும் ஒரு கையாலாகாத்தனம்தான். வராது என்று தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறேன் என்பதுதான் வெட்கக்கேடு. அப்படிச் சொன்னதில் ஆகப் பெரியதை, ஒன்பது வருடங்களுக்கு முன்பு, ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டு ஹோலில், கையில் கேக் துண்டோடு சொன்னேன்.

அது தர்சினியின் வீடு. நாங்கள் இரண்டு பேரும் இரண்டு வருடமாகப் பழகி, அவள் ஒருவழியாக வீட்டில் சொல்லி, "பெடியனைக் கூட்டிக்கொண்டு வா, பாப்பம்" என்று அவளுடைய அப்பா சம்மதித்திருந்தார். பார்ப்பதற்குத்தான் சம்மதம். கொடுப்பதற்கு அல்ல. தரகர் கொண்டு வந்த ஒரு டொக்டரையும் ஒரு எஞ்சினியரையும் அவர் ஏற்கனவே வேண்டாம் என்று அனுப்பியிருந்தார். நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் போன் எடுக்கிறவன். என் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவர் பதினெட்டு வருடம் நோர்வேயில் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தவர். எலெக்ட்ரீசியன். அதிகம் பேசமாட்டார். பேசாமல் இருக்கும்போது கோபமாக இருக்கிறாரா, சும்மா இருக்கிறாரா என்று தர்சினிக்கே தெரியாதாம். "எனக்கு இங்கிலீசு அவ்வளவு வராது, தம்பி. நோர்வே பாஷைதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கத் தைரியமில்லாமல் சுவரைப் பார்த்தேன். சுவரில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், பனியில் நின்றுகொண்டு ஒரு பெரிய மீனைக் கட்டிப்பிடித்தபடி அவருடைய படம் இருந்தது.

"நீங்கள் மீன் பிடிக்கிறனீங்களோ, அங்கிள்?" என்று கேட்டேன். இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஓம் என்று அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் போதவில்லை. "நானும் பிடிக்கிறனான்" என்றேன்.

எங்கே என்று கேட்டார். இங்கேதான், லண்டனுக்கு வெளியே, ஏரிகளில் என்றேன். எப்போது? ஒவ்வொரு வின்டரும். (அதுவரை நான் பிடித்த மீன் எல்லாம் சுப்பர்மார்க்கெட் ஃப்ரீசரில் இருந்துதான்.) தர்சினி என் காலை மிதித்தாள். அவள் மிதித்தது என்னை உற்சாகப்படுத்துவது போல இருந்தது. பைக் என்று ஒரு மீன் இருக்கிறது, சீலா மாதிரி நீளம், வாய் நிறையப் பல்லு, ஆளையே இழுத்துவிடும் என்று பஸ்ஸில் யாரோ விட்டுப்போன பத்திரிகையில் படித்ததை எல்லாம் சொந்த அனுபவமாக எடுத்துவிட்டேன்.

அதற்குள் தர்சினியின் அம்மா குசினியில் இருந்து வந்துவிட்டார். கந்தசஷ்டி தொடங்க இருந்த நேரம் அது. அவர் ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் பிடிக்கிறவர். விரதம் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு மீன்குழம்பு வைப்பது அவர்கள் வழக்கம். "அப்ப இந்த முறை கடையில வாங்கத் தேவையில்லை. தம்பி பிடிச்சுக் கொண்டு வரட்டும்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிடிக்கிற மீன் எத்தனை பேருக்குப் போதும் என்று கேட்டார்.

"நானும் வாறன்" என்றார் தர்சினியின் அப்பா.

அன்று வீட்டுக்குப் போய் இன்டர்நெட்டில் தேடினேன். லண்டனுக்கு வடக்கே ஒரு பெரிய நீர்த்தேக்கத்தில், சொந்தப் படகு வைத்து, பைக் மீன் பிடிக்க ஆட்களைக் கூட்டிப்போகும் கெவின் என்றொரு வழிகாட்டி கிடைத்தார். அவருடைய படிவத்தில் அனுபவம் எவ்வளவு என்று ஒரு கேள்வி இருந்தது. அங்கே மட்டும் உண்மையைச் சொன்னேன். அறவே இல்லை. அங்கிளிடம் கெவின் என்னுடைய பழைய கூட்டாளி என்று சொல்லி வைத்தேன். ஒரு பொய் சொன்னவனுக்கு இரண்டாவது பொய் இலவசம் என்று அப்போது எனக்கு ஒரு எண்ணம்.

மீன் பிடிக்கப் போவதற்கு முதல் நாள், சனிக்கிழமை மத்தியானம், கெவின் போன் எடுத்தார். நாளைக்குக் காற்று மோசம், மழையும் இருக்கிறது, விரும்பினால் வேறு நாளைக்கு மாற்றலாம் என்றார். எனக்கு வந்த சந்தோசத்தை அடக்கிக்கொண்டு, குரலில் கவலையை ஏற்றி, அங்கிளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"நோர்வேயில இதைக் காத்து எண்டு சொல்லமாட்டினம், தம்பி" என்றார்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு, தலைகீழாகத் திரும்பிய குடையோடு, நான் அந்த நீர்த்தேக்கத்தின் இறங்குதுறையில் நின்றேன். அங்கிள் ஒரு நீல நிற ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக நின்றார். காற்று அவரை விட்டுவிட்டு என்னை மட்டும் தள்ளுவது போல இருந்தது. கெவின் அறுபது வயது மதிக்கத்தக்க மனிதர், தாடி முழுக்க மழை. என் கையைக் குலுக்கி, "நீங்கள்தானே இதுவரை தூண்டிலைத் தொட்டே பார்க்காதவர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என்ன சொல்லுறார்?" என்றார் அங்கிள்.

"என்னைக் கண்டு கனகாலமாம்" என்றேன்.

மொழிபெயர்ப்பாளனாக என் வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது. கெவின் உயிர்காப்புச் சட்டையை மாட்டிவிட்டார். நான் அதை முன்பக்கம் பின்பக்கமாகப் போட்டிருந்ததைத் திருத்தினார். இங்கிலாந்தில் சட்டைகளின் அமைப்பை மாற்றிவிட்டார்களாம் என்று அங்கிளுக்குச் சொன்னேன். பிறகு கெவின் ஐஸ் பெட்டியைப் பார்த்தார். அது எதற்கு என்று கேட்டார். சாண்ட்விச்சுக்கு என்றேன். அவர் முகம் கொஞ்சம் இறுகியது. நல்லது, ஏனென்றால் இங்கே பிடிக்கிற ஒவ்வொரு மீனும் திரும்பத் தண்ணீருக்குள்தான் போகும், படம் எடுக்கலாம், எடை பார்க்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, போன வருடம் ஒருவர் ஜாக்கெட்டுக்குள் மறைத்துக் கொண்டுபோகப் பார்த்து அதிகாரிகள் வந்து பெரிய பிரச்சினையாகிவிட்டது என்றார்.

பிடித்த மீனைத் திரும்ப விடுவதா? நாங்கள் கேள்விப்படாத வழக்கம். கறிக்கு இல்லாமல் ஒரு மனிதன் எதற்காக மழையில் மீன் பிடிப்பான்? ஈஸ்ட் ஹாமில் அந்த நேரம் ஆறு நாள் பாலும் பழமுமாகக் கிடந்த ஒரு அம்மா மிளகாய்த்தூளும் பழப்புளியும் எடுத்து வைத்திருப்பார். பதினாலு பேர் வருவதாகத் தர்சினி முதல் நாளே சொல்லியிருந்தாள்.

"என்ன சொல்லுறார்?"

இப்போது யோசித்தால், அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஏரிகளில் ஒவ்வொரு வின்டரும் மீன் பிடிக்கிறவனுக்கு இந்தச் சட்டம் எப்படித் தெரியாமல் போனது என்ற கேள்வி வருமே. டொக்டரையும் எஞ்சினியரையும் அனுப்பிய வழியால் என்னையும் அனுப்பிவிடுவார்.

"மீன் எல்லாம் பெரிசாம், அங்கிள். கவனமாப் பிடிக்கட்டாம்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஓம் என்று தலையாட்டிவிட்டுப் படகில் ஏறினார்.

படகு நடுத்தண்ணீருக்குப் போனதும் கெவின் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே முழு மக்கரல் மீன்கள், கண் பளபளக்க, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். அதில் ஒன்றை எடுத்துத் தூண்டிலில் கொளுவித் தண்ணீருக்குள் எறிந்தார். பைக் மீனுக்கு அதுதான் இரையாம். அங்கிள் அது விழுந்த இடத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல பொரியல் மீன்" என்றார். அன்று காலை அவர் தானாகப் பேசிய முதல் வசனம் அதுதான்.

என் முறை வந்தது. தூண்டிலை எப்படிப் பிடிப்பது என்று கெவின் என் இரண்டு கையையும் பிடித்து, பாலர் வகுப்பில் அ எழுதப் பழக்குவது போலப் பழக்கினார். என்னுடைய ஸ்டைலைப் பார்த்து அவர் படிக்கிறார் என்று அங்கிளுக்கு விளக்கினேன். பிறகு எறிந்தேன். தூண்டில் ஊசி முன்னால் போகாமல் பின்னால் போய் கெவினின் தொப்பியைக் கழற்றியது. தொப்பியும் மக்கரலும் சோடியாகக் காற்றில் போய்த் தண்ணீரில் விழுந்தன. கெவின் தொப்பியை வலையால் கோலி எடுத்து, பிழிந்து, திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார். வழிகாட்டிகளுக்கு எங்கேயிருந்து அவ்வளவு பொறுமை வருகிறதோ தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு மழை பக்கவாட்டில் அடிக்கத் தொடங்கியது. படகு ஏறி இறங்கியது. ஏரியில் ஒருவனுக்கு வாந்தி வரும் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. வந்தது. கடலில் வந்தாலாவது ஒரு மரியாதை இருக்கும். லண்டனுக்குக் குழாயில் போகும் குடிதண்ணீரில், உயிர்காப்புச் சட்டையோடு, நான்கு தரம் எடுத்தேன். (அந்தப் பகுதி மக்கள் என்னை மன்னிக்க வேண்டும்.) நான்காவது தரம் அங்கிள் என் முதுகைத் தடவிவிட்டு, "என்ன தம்பி, மீனுக்குச் சாப்பாடு வைக்கிறீரோ?" என்று கேட்டார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அது பகிடியா, குற்றச்சாட்டா என்று எனக்கு விளங்கவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. மீன் படாவிட்டால் பிரச்சினையே இல்லை. வெறுங்கையோடு போகலாம். காலநிலை மோசம் என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான். அந்தக் கணத்தில் இருந்து நான் கும்பிடத் தொடங்கினேன். லூயிஷாம் சிவனுக்கு ஒரு அர்ச்சனை, விம்பிள்டன் பிள்ளையாருக்கு ஒரு அர்ச்சனை. தூண்டிலைப் போட்டுவிட்டு மீன் படக்கூடாது என்று நேர்த்தி வைத்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தெய்வங்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. பத்து மணி, பதினொரு மணி, பன்னிரண்டு மணி. ஒவ்வொரு மக்கரலாகப் போனது, ஒன்றும் வரவில்லை. கெவின் மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை, பரவாயில்லை என்று நான் அவரை உண்மையான அன்போடு தேற்றினேன்.

ஒரு மணிக்கு, இன்னும் பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கரைக்குப் போகலாம் என்றார் கெவின். விறைத்த விரல்களுக்குள் இரத்தம் திரும்ப ஓடியது. கடைசி மக்கரலை என் தூண்டிலில் போட்டார். எனக்கு ஒரு பாட்டுக்கூட வாயில் வந்தது.

தூண்டில் வளைந்தது.

முதலில் ஏதோ மரக்கட்டை என்று நினைத்தேன். மரக்கட்டை நடக்கத் தொடங்கியது. கெவின் கத்தினார். நான் விடுகிறேன் என்று நினைத்துப் பிடித்தேன், பிடிக்கிறேன் என்று நினைத்து விட்டேன், எல்லாமே தற்செயலாகச் சரியாக நடந்தது. என்ன பிழை விட்டாலும் அந்த மீன் கழன்று போக மறுத்தது. கால் மணி நேரத்தில் என் கை நீளத்துக்கு மேல் ஒரு பச்சை மீன், பொன்நிறப் புள்ளியும் தாரா அலகு போன்ற வாயுமாக, வலைக்குள் வந்தது. கெவின் படகின் அடியில் ஒரு ரப்பர் மெத்தையை விரித்து, அதன் மேல் தண்ணீர் ஊற்றி நனைத்து, குழந்தைக்கு நாப்பி மாற்றுவது போல மீனைக் கிடத்தினார். ஒரு நிமிடத்துக்குள் திரும்ப விடவேண்டும், இவள் இந்த ஏரியின் மகாராணி என்றார்.

பின்னால் டக் என்று ஒரு சத்தம். திரும்பினேன். அங்கிள் ஐஸ் பெட்டியைத் திறந்து உள்ளே கையை விட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரே கணத்தில் எல்லாம் தெரிந்தது. கத்தி, கெவினின் அலறல், அதிகாரிகள், பதினாலு பேர், தர்சினி. நான் மீனுக்கும் அவருக்கும் நடுவில் விழுந்தேன். குதித்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் வழுக்கி விழுந்தேன். மீன் வாலால் என் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தது. அப்படியே மெத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அங்கிள், வேண்டாம். இதைக் கொண்டு போகேலாது. காலமையே அவர் சொன்னவர், நான்தான் உங்களுக்குச் சொல்லேல்லை. எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது, அங்கிள். இண்டைக்குத்தான் முதல் தரம். அவர் என்ரை கூட்டாளியும் இல்லை."

அங்கிள் பெட்டிக்குள் இருந்து கையை எடுத்தார். கையில் இருந்தது நீளமான மூக்கு வைத்த ஒரு குறடு. அவர் என்னைத் தாண்டி முழங்காலிட்டு, ஊசி இடது பக்கத்தில் ஆழமாகப் போயிருக்கிறது, உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் நான் எடுக்கிறேன், மீனைக் களைக்க விடக்கூடாது என்று கெவினிடம் சொன்னார். ஆங்கிலத்தில். நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் பேசுவதைவிட நல்ல ஆங்கிலத்தில்.

கெவின் வழிவிட்டார். அங்கிள் செவுள் பக்கமாகக் குறட்டை நுழைத்து, ஒரு திருப்பில் ஊசியை எடுத்தார். மீனை இரண்டு கையாலும் தூக்கித் தண்ணீரில் வைத்து, அது தானாக மூச்செடுக்கும் வரை வாலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு விட்டார். அது போன திசையில் தண்ணீர் ஒருமுறை சுழித்தது. படம் எடுக்க ஒருவருக்கும் நினைவில்லை.

கரைக்குத் திரும்பும்போதுதான் என்னிடம் பேசினார்.

"எல்லாம் காலமையே விளங்கினது. நோர்வேயில எல்லாருக்கும் இங்கிலீசு தெரியும், தம்பி. எனக்குக் கதைக்கத்தான் பஞ்சி, வாயைத் திறக்கவே அலுப்பு."

"அப்ப ஏன் அங்கிள் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஆறு மணித்தியாலம். குளிர் வேற."

ஐஸ் பெட்டிக்குள் குறட்டைத் தவிர ஒரு தேத்தண்ணிப் பிளாஸ்க்கும் ரொட்டியும் இருந்தன. எனக்கும் கெவினுக்கும் ஊற்றித் தந்தார். பெரிய மழையில், நடுங்கிக்கொண்டு, எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு, அந்தத் தேத்தண்ணியைக் குடித்தபோது எனக்கு என்னவோ பெரிய நிம்மதியாக இருந்தது. இனி மொழிபெயர்க்கத் தேவையில்லை. தர்சினியை இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வயிறு மட்டும் சரியாகிவிட்டது.

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் வரும்போது அவர் காரை மெதுவாக்கினார். இடது பக்கம் மீன்கடை. கண்ணாடிக்குப் பின்னால் விளைமீனும் பாரையும் அடுக்கியிருந்தன. "இதில நிப்பாட்டட்டோ? கழுவி வெட்டித் தருவாங்கள்" என்றார். நான் அந்த விளைமீனைப் பார்த்தேன். விளைமீனும் என்னைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் ஒரே பார்வைதான்.

"வேண்டாம், அங்கிள்" என்றேன்.

"அப்ப வீட்டில ஆர் சொல்லுறது?"

"நான் சொல்லுறன்."

"நல்லது. எனக்குத்தான் இங்கிலீசு விளங்காதே" என்றார்.

ஹோலில் பதினாலு பேர். கதிரை போதாமல் பிள்ளைகள் மாடிப்படியில். குழம்பு கொதித்து, மீனுக்காகக் காத்திருக்கும் வாசம். நான் கால்சட்டையில் இருந்து ஏரி சொட்டச் சொட்ட, கன்னத்தில் மீன் வால் அடித்த சிவப்போடு, வாசலில் நின்று முதலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரிகையில் படித்ததையும் சொன்னேன். வாந்தியைத் தவிர்க்கப் பார்த்தேன். அங்கிள் இருமினார். அதையும் சொன்னேன்.

தர்சினி முகத்தை மூடிக்கொண்டாள். அவளுடைய அம்மா கரண்டியோடு நின்று முழுவதையும் கேட்டார். ஆறு நாள் விரதம் இருந்த மனிசியின் வாயில் இருந்து என்ன வரப்போகிறது என்று வீடே மூச்சை அடக்கியது.

"மீனுக்குப் போட்ட மக்கரல் எத்தினை?" என்று கேட்டார்.

ஏழு என்றேன்.

"ஏழு நல்ல மீனைத் தண்ணிக்க எறிஞ்சு ஒரு மீனைப் பிடிச்சு, அதையும் தண்ணிக்க விட்டிட்டு வந்திருக்கிறியள்" என்றார். பிறகு அலுமாரியைத் திறந்து டின்மீனை எடுத்து உடைக்கத் தொடங்கினார். ஆறு டின். முதலில் சிரித்தது யார் என்று இன்றைக்கும் வீட்டில் சண்டை. கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் இருந்த பிள்ளைகள் வரை சிரித்தார்கள். எனக்கு அங்கிளின் உடுப்பு ஒன்றைத் தந்தார்கள். மனிதர் பெரிய ஆள். நான் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் சாப்பிட்டேன். அந்த டின்மீன் குழம்பைப் போல ஒன்றை நான் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

குசினிக்குள் அங்கிள் மனைவியிடம் சொன்னதைக் கதவோரம் நின்ற தர்சினி கேட்டுவிட்டு வந்து எனக்குச் சொன்னாள்.

"பெடியன் பொய் சொல்லுறதில சரியான மோசம். பயமில்லாமல் குடுக்கலாம்."

எட்டு மாதத்தில் கலியாணம் நடந்தது. அங்கிள் மாமாவானார். அன்றில் இருந்து எங்கள் குடும்பத்தில் யார் ஆங்கிலத்தில் என்ன சொன்னாலும், மாமா என் பக்கம் திரும்பி "என்ன சொல்லுறார்?" என்று கேட்பார். கவுன்சில் ஆளாக இருந்தாலும், பிளம்பராக இருந்தாலும், பிள்ளைகளின் டீச்சராக இருந்தாலும் சரி. நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொல்லவேண்டும். எல்லோரும் சிரிக்கவேண்டும். என்னுடைய இரண்டு பிள்ளைகளும் இதை ஒரு விளையாட்டு என்றே நினைத்து வளர்கிறார்கள்.

போன வின்டர் மாமாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஸ்கான் எடுத்து, ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்து, முடிவு சொல்ல ஹொஸ்பிட்டலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான்தான் கூட்டிப்போனேன். டொக்டர் இளம் பெண். கணினியைப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, அது வெறும் கொழுப்புக்கட்டி, நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

மாமா அவரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்லுறா?"

"ஒண்டுமில்லையாம், மாமா. வெறும் கொழுப்பாம். வீட்டை போகட்டாம்" என்றேன். சொல்லி முடிக்கக் குரல் உடைந்துவிட்டது.

என் முகத்தை இரண்டு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு பெரிய மூச்சு ஒன்று விட்டு, டொக்டரிடம் திரும்பி, அழகான ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கோப்பில் எழுதியிருந்ததால் அந்தப் பெண் திகைத்துப்போய் இருந்தார்.

தப்பாக நினைக்காதீர்கள் என்று மாமா அவரிடம் சொன்னார். நீங்கள் சொன்னது எனக்கு முதலிலேயே விளங்கியது. ஆனால் இப்படியான செய்தியை மென்மையாக்கிச் சொல்ல உங்களுக்குப் பழக்கியிருப்பார்கள். இவர் பொய் சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும். அதனால்தான் எங்கே போனாலும் இவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.